பை இருக்கிறது, வாய் எங்கே?

நம் நாட்டில் பையில் விற்காத திரவம் எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும். பால், மோர், எண்ணெய், ஷாம்பூ, குளுக்கோஸ், ரத்தம் எல்லாம் பைதான். கொதிக்கிற சாம்பாரைப் பையில் ஊற்றி, ஒரு சுழற்று சுழற்றி ரப்பர் பேண்ட் போடும் கலை நம் ஊர் ஓட்டல்காரர்களுக்குக் கைவந்த அளவுக்கு வேறு யாருக்கும் வந்திருக்குமா என்பது சந்தேகமே.

ஆனால் பாருங்கள், பையைப் பற்றி யோசித்த அளவுக்கு அதன் வாயைப் பற்றி நாம் யோசிக்கவே இல்லை. கத்தரிக்கோல் எடு, மூலையை வெட்டு, ஊற்று. கத்தரிக்கோல் இல்லையா, பல்லால் கடி. இதுதான் நம் தேசிய தொழில்நுட்பம் :-)

நான் அகமதாபாத் பக்கம் ஒரு ஃபிலிம் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டில் குப்பை கொட்டுகிறேன். பைக்கான பிளாஸ்டிக் ஃபிலிம் செய்வது எங்கள் வேலை. குழாய், மூடி எல்லாம் வேறு ஆட்கள். ஆகவே குழாய் விற்பதற்காக எழுதுகிறான் என்று நினைக்க வேண்டாம். நான் சொல்லப்போவது நடந்தால் எங்கள் ஃபிலிம் விற்பனை குறையத்தான் செய்யும்.

சொல்ல வந்தது இதுதான்: அரை லிட்டர் பால் கவருக்குக் குழாய் தேவையில்லை. மளிகைக் கடை எண்ணெய்க்குத் தேவை. ஆஸ்பத்திரியில் தொங்கும் குளுக்கோஸுக்குச் சரியான பையும் சரியான வாயும் மிக மிகத் தேவை. நாமோ இந்த மூன்றுக்கும் ஒரே மாதிரி அசட்டையாக இருக்கிறோம்.

டின்னில் ஏன் இரண்டு ஓட்டை?

எண்ணெய் டின் வாங்கிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். டின்னில் ஒரு ஓட்டை மட்டும் போட்டால் எண்ணெய் 'குபுக் குபுக்' என்று திக்கித் திக்கி வரும். எதிர் மூலையில் இன்னொரு ஓட்டை போட்டால் சீராக விழும். எண்ணெய் வெளியே வர வேண்டுமானால் அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும், இல்லையா? டின் சுருங்காது. அதனால்தான் இரண்டு ஓட்டை.

பை சுருங்கும். எவ்வளவு திரவம் வெளியே போகிறதோ அவ்வளவு பையும் ஒட்டிக்கொண்டே வரும். காற்றுக்கு உள்ளே வேலை இல்லை, ஒரு ஓட்டை போதும். காற்று போகாததால் எண்ணெய் சிக்கு வாடை அடிக்காது, ஒயின் புளிக்காது, மருந்தில் கிருமி நுழையாது. பையின் பெருமையே இதுதான்.

ஆனால் இந்தப் பெருமை வாயைப் பொறுத்தது. திரவத்தை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத வாய் வேண்டும். மூலையை வெட்டிய அந்த நொடியே பை, பை என்ற தகுதியை இழக்கிறது. அப்புறம் அது கிழிந்த கவர்தான்.

நம் தாத்தாக்களுக்குத் தெரிந்திருந்தது

கவலை ஏற்றம் பார்த்தவர்கள் இப்போது எத்தனை பேர் இருப்பீர்கள் என்று தெரியவில்லை. மாடு கட்டித் தண்ணீர் இறைப்பார்களே, கமலை என்றும் சொல்வார்கள். அதில் தண்ணீர் மொள்ளும் சாலின் அடியில் தோலால் ஆன நீண்ட வால் ஒன்று இருக்கும், யானையின் தும்பிக்கை மாதிரி. கயிறு இரண்டு. வடக்கயிறு சாலைத் தூக்கும். வால்கயிறு அந்தத் தோல் வாலின் நுனியை மேலே தூக்கிப் பிடித்திருக்கும். கிணற்றுக்குள் இருக்கும் வரை வால் மடங்கி மேல்நோக்கி நிற்பதால் தண்ணீர் சிந்தாது. சால் மேலே வந்ததும், வால் மட்டும் தாழ்வாக இருக்கும் உருளை மேல் வந்து படுத்துவிடும். தண்ணீர் தானாக வாய்க்காலில் கொட்டும். மாட்டை ஓட்டுகிறவர் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம்.

குஜராத்திலும் இதே ஏற்பாடு இருந்திருக்கிறது, 'கோஸ்' என்பார்கள். வடக்கே சில பகுதிகளில் வால் இல்லாத வெறும் தோல் பை. அங்கே கிணற்று மேட்டில் இன்னொரு ஆள் நின்று, பை மேலே வரும்போதெல்லாம் பிடித்துக் கவிழ்க்க வேண்டும். ஒரு முழத் தோல் வால் ஒரு ஆளின் நாள் முழு உழைப்பை மிச்சப்படுத்தியது. இளகிய பையிலிருந்து திரவத்தை ஒழுங்காக இறக்குவது எப்படி என்ற கேள்விக்கு மூடி, வால்வு, ஸ்பிரிங் எதுவும் இல்லாமல் கிடைத்த பதில் அது. 'ஓட்டைதானே' என்று அவர்கள் விட்டுவிடவில்லை.

வெள்ளைக்காரனும் முதலில் மூலையைத்தான் வெட்டினான்

அட்டைப் பெட்டிக்குள் பை, பையில் குழாய் என்ற ஏற்பாட்டுக்கு 'பேக் இன் பாக்ஸ்' என்று பெயர். 1955 இல் அமெரிக்காவில் வில்லியம் ஷோல் என்ற வேதியியலாளர் பேட்டரி அமிலத்தைப் பாதுகாப்பாக எடுத்துச் செல்லவும் ஊற்றவும் இதைக் கொண்டுவந்தார். குடிக்கிற சமாச்சாரத்துக்கு அப்புறம்தான் வந்தது.

1965 இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் ரென்மார்க்கில் தாமஸ் ஆங்கோவ் என்ற ஒயின் தயாரிப்பாளர் ஒயினைப் பையில் ஊற்றி அட்டைப் பெட்டியில் வைத்து விற்கக் காப்புரிமை வாங்கினார். அதில் குழாய் கிடையாது. வாங்கியவர் பையின் மூலையை வெட்டி, வேண்டிய அளவு ஊற்றிக்கொண்டு, ஒரு கிளிப் போட்டு மூடி வைக்க வேண்டும். நம் வீட்டுப் பால் கவர் கதைதான்! இரண்டே வருஷத்தில், 1967 இல், சார்லஸ் மால்பாஸ் என்பவரும் பென்ஃபோல்ட்ஸ் நிறுவனமும் பையோடு ஒட்டிய, காற்றுப் புகாத பிளாஸ்டிக் குழாய்க்குக் காப்புரிமை வாங்கினார்கள். அதன் பிறகுதான் பெட்டி ஒயின் ஓட ஆரம்பித்தது. பை அப்படியேதான் இருந்தது. மாறியது வாய்.

இன்று இந்தக் குழாய் எப்படிச் சேர்கிறது என்றால், தட்டையான விளிம்புள்ள ஒரு பிளாஸ்டிக் கழுத்தை ஃபிலிமோடு சூட்டில் ஒட்டவைப்பார்கள். அதில் குழாயை அழுத்தினால் 'டக்' என்று உட்காரும். கேட்க எளிது. எங்களுக்கு வரும் தலைவலிகளில் பெரும்பாலானவை இந்த விளிம்பைச் சுற்றித்தான் வரும். ஃபிலிம் இளகியது, கழுத்து விறைப்பானது. லாரியில் குலுங்கக் குலுங்க இரண்டும் சேரும் கோட்டில் ஃபிலிம் மடங்கி மடங்கி வெடிக்கும். உயர்ரக ஒயின் பைகளில் காற்று கசிவதும் ஃபிலிம் வழியாக இருப்பதை விட இந்தக் கழுத்தும் குழாயும் வழியாகத்தான் அதிகம். ஒரு பையின் தரம் அதன் வாயின் தரத்தைத் தாண்டாது.

பால் கவருக்கு வேண்டாம், சாமி

இவ்வளவு சொல்லிவிட்டு, பால் பாக்கெட்டுக்கு மூக்கும் மூடியும் வை என்று சொல்வேன் என்று எதிர்பார்த்தால் ஏமாந்தீர்கள்.

அரை லிட்டர் பால் கவர் சுமார் 3 கிராம் எடை. சிக்கனத்தில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. பெரும்பாலும் ஒரே வகைப் பாலிஎத்திலீன், அதனால் உருக்கி மறுபடி பயன்படுத்தலாம். கழுவிக் காயவைத்து கிலோ கணக்கில் பழைய பேப்பர் கடையில் போட்ட அம்மாக்களைக் கேட்டுப் பாருங்கள், அதன் மதிப்பு அவர்களுக்குத் தெரியும். 2019 ஜனவரி 1 இல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தடை வந்தபோது பால், எண்ணெய், மருந்து உறைகளுக்கு விலக்குக் கொடுத்ததும் காரணமில்லாமல் இல்லை. வேறு வழி கிடையாது.

இந்த 3 கிராம் பைக்கு ஒரு மூக்கும் திருகு மூடியும் வைத்தால் அவையே பையின் எடைக்குப் பக்கத்தில் வந்துவிடும். எதற்காக? காலையில் வாங்கிய பாலை உடனே பாத்திரத்தில் ஊற்றிக் காய்ச்சுகிறோம். ஒரே தடவை திறக்கிற பைக்குத் திரும்ப மூடுகிற வாய் வீண் செலவு.

பால் கவரின் வியாதி வேறு, அது அந்த வெட்டிய மூலை. நகக்கண் அளவு முக்கோணம். கவர் பழைய பேப்பர் கடைக்குப் போகும், மூலை போகாது. அதைப் பொறுக்கினால் பொறுக்குகிறவருக்கு ஒரு பைசா தேறாது. சல்லடையில் நழுவி, சாக்கடையில் சேர்ந்து, மண்ணோடு மண்ணாக ஆனால் மண்ணாகாமல் கிடக்கும். 2018 இல் மகாராஷ்டிரா அரசு பால் கவரைத் திருப்பிக் கொடுத்தால் குறைந்தது 50 காசு தர வேண்டும் என்று அறிவிப்பு வெளியிட்டது. நல்ல யோசனைதான், ஆனால் மூலைக்கு யார் காசு தருவார்கள்?

இதற்கு மருந்து காசில்லாதது. மூலையை முழுசாக வெட்டாதீர்கள். முக்கால்வாசி வெட்டி, ஒரு ஓரம் ஒட்டிக்கொண்டிருக்கும்படி விடுங்கள். பாலும் ஊற்றும், துண்டும் பையோடு போகும். ஐரோப்பாவில் 2024 ஜூலையிலிருந்து மூன்று லிட்டர் வரையிலான குளிர்பான பாட்டில்களின் பிளாஸ்டிக் மூடி பாட்டிலோடு ஒட்டியே இருக்க வேண்டும் என்பது சட்டம். அதற்காக மூடி அச்சுகளையெல்லாம் அவர்கள் மாற்றினார்கள். நமக்குத் தேவை கத்தரிக்கோலை அரை அங்குலம் முன்னாலேயே நிறுத்துவது மட்டும்.

பாலில் குழாய் வேண்டிய இடம் வேறு. முன்பு நொய்டாவில் வேலை பார்த்தபோது மதர் டெய்ரி பூத்தில் பாத்திரத்தோடு வரிசையில் நின்று பால் பிடித்திருக்கிறேன். 1974 இல் தொடங்கிய நிறுவனம் அது. டோக்கன் போட்டால் இயந்திரம் அளந்து ஊற்றும். கவர் இல்லை, மூலை இல்லை, கவர் பாலை விட விலையும் குறைவு. பெரிய கொள்கலன், நல்ல குழாய், நம் பாத்திரம். இந்த மூன்றும் சேர்ந்தால் நடக்கும் என்பதற்கு டெல்லியே சாட்சி.

எண்ணெய்க்கு வேண்டும்

எங்கள் தொழிற்பேட்டை வாசலில் உள்ள மளிகைக் கடையில் சாயங்காலம் நின்று பார்த்தால் தெரியும். பீகார், உ.பி., ஒடிசா ஆட்கள் ஷிஃப்ட் முடிந்து வருவார்கள். நாலு பேர் சேர்ந்து சமைக்கும் அறைக்கு அன்றன்றைக்குத் தேவையான எண்ணெய். ஒரு லிட்டர் பாக்கெட் வாங்கினால் அந்த வாரக் கணக்கு இடிக்கும், வாங்கினாலும் வெட்டிய பாக்கெட்டை அறையில் எதில் சாய்த்து வைப்பது? சின்ன பாக்கெட்தான் வாங்குகிறார்கள். லிட்டர் கணக்கில் பார்த்தால் அதிக விலை கொடுப்பது அவர்கள்தான். குப்பையும் அதில்தான் அதிகம்.

சில்லறையாக அளந்து வாங்கலாமே என்றால், சட்டம் விடாது. 2011 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளின்படி சமையல் எண்ணெயைப் பொட்டலமிடாமல் விற்கக் கூடாது. மாநில அரசு விரும்பினால் விலக்குத் தரலாம். சட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். 1998 இல் டெல்லியில் கடுகெண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்து, 60 பேருக்கு மேல் செத்தார்கள். திறந்த டின்னில் யார் எதை ஊற்றினார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது. அந்தப் பயம் நியாயமான பயம்.

ஆனால் சட்டம் பயப்படுவது திறந்த பாத்திரத்துக்கு. ஒரே வாய் உள்ள பை, அந்த வாயில் கழற்ற முடியாத ஒருவழிக் குழாய், வெளியே விடும், உள்ளே விடாது, ஆலையில் வைத்த முத்திரை: இப்படி ஒரு 20 லிட்டர் பெட்டி கடையில் இருந்தால் அது திறந்த பாத்திரமா? கடைக்காரர் நினைத்தாலும் அதில் மட்டமான எண்ணெயைக் கலப்பது லேசில்லை. பையைக் குத்தினால் ஒழுகும், அட்டைப் பெட்டி காட்டிக்கொடுக்கும். டின்னில் இது எதுவுமே கிடையாது. இப்படிப்பட்ட பெட்டியிலிருந்து அளந்து ஊற்றுவதை 'பொட்டலமிட்ட எண்ணெய்' என்றே சட்டம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

கணக்கும் ஒத்துவருகிறது. ஒரே வடிவப் பையை 1 லிட்டரிலிருந்து 20 லிட்டராகப் பெரிதாக்கினால் கொள்ளளவு 20 மடங்கு, மேற்பரப்போ ஏழரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவுதான். பெரிய பைக்குத் தடிமன் கூட வேண்டும் என்று வைத்துக்கொண்டாலும் லிட்டருக்கு ஆகும் பிளாஸ்டிக் குறைகிறது. சின்னச் சின்ன பாக்கெட்டோடு ஒப்பிட்டால் இன்னும் அதிகமாகக் குறையும்.

கேட்கப்போகும் கேள்விகளுக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்.

'குழாய் ஒரு பிளாஸ்டிக், பை இன்னொரு பிளாஸ்டிக், உலோகப் பூச்சு வேறு. எப்படி மறுசுழற்சி செய்வது?' மாதக் கணக்கில் வைத்திருக்கும் ஒயினுக்குத்தான் அந்த அலங்காரமெல்லாம். ஒரு கடையில் 20 லிட்டர் இரண்டு மூன்று நாளில் தீரும். பையையும் குழாயையும் முடிந்தவரை பாலிஎத்திலீன் குடும்பத்திலேயே செய்யலாம். காலிப் பெட்டி வீடு வீடாகச் சிதறாமல் கடையிலேயே சேர்வதால் திரும்ப வாங்குவதும் சுலபம்.

'அளவில் ஏமாற்றினால்?' எடையளவுத் துறை முத்திரை போட்ட குவளையில்தான் அளக்க வேண்டும். மண்ணெண்ணெய்க்கு நாம் பார்க்காத குவளையா?

'ஊசி போட்டு உள்ளே ஏற்றினால்?' நெஞ்சில் திருட்டு இருப்பவன் எதையும் செய்வான். பாக்கெட்டையே போலியாக அச்சடிப்பவர்கள் இல்லையா? பூட்டு போடுவது திருடனை ஒழிப்பதற்கு இல்லை, திருட்டைக் கஷ்டமாக்குவதற்கு.

'குழாய்க்கு யார் செலவு செய்வது?' நியாயமான கேள்வி. ஆலைக்காரர் தானாகச் செய்ய மாட்டார். சின்ன பாக்கெட்டில் அவருக்கு விளம்பரம், கூடுதல் விலை இரண்டும் உண்டு. அதனால்தான் முதல் அடியை அரசுதான் எடுத்து வைக்க வேண்டும் என்கிறேன். விதிமுறையில் ஒரு வரியைச் சேர்த்து, சில நகரங்களில் நியாயவிலைக் கடைகளில் சோதித்துப் பார்க்கலாம்.

உயிர் போகிற இடம்

கடைசியாக ஆஸ்பத்திரி. சலைன் ஏற்றும் பிளாஸ்டிக் பாட்டிலைப் பார்த்திருப்பீர்கள். பாதி விறைப்பு, பாதி இளக்கம். தானாக முழுசாகச் சுருங்காது, ஆகவே சொட்டு நிற்கும். சொட்டு நிற்காமல் இருக்க, பல இடங்களில் பாட்டிலில் ஒரு ஊசியைக் குத்திக் காற்று விடுவார்கள். எண்ணெய் டின்னின் இரண்டாவது ஓட்டை அதேதான்! வித்தியாசம் என்னவென்றால், இங்கே வார்டு காற்று உள்ளே போய் நோயாளியின் ரத்தத்துக்குள் இறங்கும் திரவத்தைத் தொடுகிறது.

முழுசாகச் சுருங்கும் பையில் இந்த ஊசி வேண்டவே வேண்டாம். அர்ஜென்டினா, பிரேசில், இத்தாலி, மெக்சிகோ ஆகிய நாடுகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், காற்று விட வேண்டிய கொள்கலனை விட்டுத் தானே சுருங்கும் மூடிய பைக்கு மாறியபோது என்ன ஆனது என்று தொகுத்து 2011 இல் ஒரு ஆய்வு வெளியானது. பெரிய ரத்தக்குழாயில் குழாய் செருகியிருக்கும் நோயாளிகளுக்கு வரும் ரத்தத் தொற்று, ஆயிரம் நாட்களுக்கு 10 என்ற அளவிலிருந்து 3 சொச்சமாக இறங்கியிருந்தது. மருந்து மாறவில்லை. அது இருந்த பையும் வெளியேறிய விதமும்தான் மாறின.

பாட்டிலுக்கும் பைக்கும் விலை வித்தியாசம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தொற்று வந்த பிறகு ஐ.சி.யூவில் கூடுதலாகக் கிடக்கும் நாட்களின் பில்லையும் சேர்த்துத்தானே கணக்குப் போட வேண்டும்? அந்த பில்லைக் கட்டுவது கொள்முதல் பிரிவு இல்லை, நோயாளியின் வீட்டார். அரசு மருத்துவமனை கொள்முதல் பட்டியலில், குறைந்தது தீவிர சிகிச்சைப் பிரிவுக்காவது, சுருங்கும் பை கட்டாயமாக வேண்டும். (உறவினருக்குச் சலைன் ஏறும்போது நாமே ஊசியைப் பிடுங்கப் போக வேண்டாம். டாக்டரிடம் கேளுங்கள். கேட்கக் கேட்கத்தான் மாறும்.)

வீட்டில் இன்றைக்கே செய்யக்கூடியது பால் கவர் மூலை மட்டும்தான். எண்ணெயும் சலைனும் நம் கையில் இல்லை, விதிமுறை எழுதுகிறவர்கள் கையிலும் கொள்முதல் பட்டியல் போடுகிறவர்கள் கையிலும் இருக்கின்றன. மளிகைக் கடை, எண்ணெய் ஆலை, ஆஸ்பத்திரி என்று ஏதாவது ஒன்றில் இருப்பவர்கள் இதைப் படித்தால், நான் சொல்வதில் எது நடக்கும், எது நடக்காது என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். குறிப்பாகக் கடைக்காரர்கள். முன்பு டின்னிலிருந்து அளந்து ஊற்றிய அனுபவம் உங்களுக்குத்தான் உண்டு.